எழுபது வினாடி

காலை பத்தரையிலிருந்து செண்பகவல்லி மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடாலாவில் ஓர் அச்சுக்கூடத்தின் மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே தம்ளர் ஆடும். தாராவியிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கலாம் என்பது அவள் கணக்கு.

வேலை என்னவோ லேசானதுதான். எங்கோ காட்டுக்குள் புதிதாக நட்ட டவரடியிலிருந்து அழைப்பு வரும். எடுத்து சைட் நம்பரைக் கேட்டு, குரல் எப்படி இருக்கிறதென்று கம்ப்யூட்டரில் ஐந்துக்கு மார்க் போட வேண்டும். எழுபதாவது வினாடியில் கருவியே இணைப்பை அறுத்துவிடும். அதற்கு முன்னால் வைத்தால் அழைப்பு செல்லாது. மூன்றுக்குக் குறைந்தாலும் செல்லாது. சரிசெய்துவிட்டு மறுபடி அழைக்க வேண்டும். பத்து அழைப்பு தேறிவிட்டால் அந்த ஊருக்குப் போன் வந்தாயிற்று.

மேனேஜர் சங்கரன், மாட்டுங்காக்காரர், வேலைக்குச் சேர்ந்த அன்றே விளக்கியிருந்தார். "போன் கம்பெனி எல்லாம் நூறு ரூபா சம்பாதிச்சா அஞ்சு ரூபாயை சர்க்கார் நிதியில கட்டிடணும்மா. அதுலதான் யாருமே போகாத ஊருக்கெல்லாம் டவர். டவர் போட்டுக் கொடுக்கறவனுக்குப் பத்து கால் தேறினாத்தான் பணம் வரும். நீங்க போடற ரீசார்ஜ்லேர்ந்தும் அதுக்குப் போறது, தெரியுமோ?"

"அப்போ ஏதாவது ஒரு டவர்ல என் ஆணி ஒண்ணாவது இருக்கும், சார்" என்றாள் செண்பகவல்லி. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் புருஷன் சொரிமுத்துவுக்கும் அந்த டவர்களில்தான் வேலை. போய் இரண்டு மாதமாகிறது. டவர் இல்லாத ஊரில்தானே டவர் நடுகிறார்கள், அவன் போனுக்கு எங்கே சிக்னல் கிடைக்கும்? வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து சோதனை நடத்துகிற நாளில் மேஸ்திரியிடம் சோதனைப் போனை வாங்கி அவனே கூப்பிடுவான். எழுபது எழுபது வினாடியாக இருவரும் குடும்பம் நடத்தினார்கள். சோதனை முடிந்ததும் ஜெனரேட்டர் அடுத்த ஊருக்குப் போய்விடும். கரண்டு வரும்போது டவர் ஓடும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"ஏ செம்பா."

அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"காய்ச்சலுட்டி. நாலு நாளாச்சு. ஒண்ணுமில்ல. சைட் நம்பர் நானூத்திப் பதினேழு."

"மாத்திரை போட்டியளா?"

"மேஸ்திரி குடுத்தாரு. நிக்கல. குளிரு தூக்கிப் போடுது."

இன்னும் ஏதோ சொல்லவந்தான். அறுந்துவிட்டது. அவள் நான்கு மார்க் போட்டாள்.

அடுத்தது மூன்று நிமிடம் கழித்து வந்தது. இந்தமுறை அவள் சைட் நம்பரைக் கேட்கவில்லை. "எந்த ஊருங்க அது? சொல்லுங்க, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுதேன்."

"ஊரு பேரு யாருக்குட்டி தெரியும்? ராத்திரி லாரியில கொண்டாந்து எறக்குனாவ. இவுக பேசுதது இந்தியுமில்ல, மராட்டியுமில்ல. போர்டுல நம்பர்தான் இருக்கு." மூச்சு வாங்கியது. "செம்பா, ஒண்ணுக்கு கட்டங்காப்பி மாதிரி போகுது."

முருகா என்றாள். மார்க்கைப் போட்டுவிட்டு சங்கரனின் மேஜைக்கு ஓடினாள். அவரிடம் இருந்த தாளிலும் நம்பர்தான் இருந்தது. ஊர்ப் பெயர் பட்டியல் ஹெட் ஆபீஸில். அவர் உடனே போன் போட்டார். சம்பந்தப்பட்டவர் சாப்பிடப் போயிருக்கிறார், அரை மணி ஆகும் என்றார்கள்.

"பத்தும் முடிஞ்சிட்டா கிளம்பிருவாகளே, சார்?"

"கிளம்பித்தான் ஆகணும். அடுத்த சைட்டும் இன்னைக்கேதான்."

மேஜைக்குத் திரும்பும்போது அவளுக்கு அந்த யோசனை வந்தது. மூன்றாவது அழைப்பை எடுத்ததும் படபடவென்று சொன்னாள்: "இங்க பாருங்க, நான் ஃபெயில்னு போடப்போறேன். பத்து தேறாம மேஸ்திரி ஜெனரேட்டரை எடுக்க முடியாதுல்லா? ஆம்புலன்ஸ் வார வரைக்கும் எல்லாரும் அங்கதான் கெடக்கணும். நீங்க போயிப் படுங்க."

"ஏ, வேண்டாம்டி. அப்படிச் செய்யாத. நான் சொல்லுததக் கேளு..."

எழுபது வினாடி முடிந்தது. இவள் வேலை போய்விடுமென்று அவன் பயப்படுகிறான் என்று நினைத்தாள். இரண்டு மார்க் போட்டாள். திரையில் கட்டம் சிவந்தது.

அரை மணியில் ஊர்ப் பெயர் வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வரைதான் வண்டி வரும், மூன்று மணி நேரம் ஆகும், ஆளைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லுங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம்தானே, மார்க்கைக் குறைத்துப் போட்டே தாக்காட்டிவிடலாம். காலையிலிருந்து குடிக்காத தண்ணீரைக் குடித்தாள்.

போன் அடித்தது. மேஸ்திரி வேல்ராஜ்.

"இப்ப எப்படி இருக்கு, தங்கச்சி? ஆன்டெனாவத் திருப்பி வச்சாச்சு."

"நல்லாருக்கு அண்ணாச்சி. அவுக எங்க?"

"மேலதான் நிக்கான்."

"எதுக்கு மேல?"

"என்னம்மா கேக்க? ஃபெயிலுன்னா ஏறித்தான திருப்பணும்? நம்ம கேங்குல ஏறுதவன் அவன் ஒருத்தன்தான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலை என்றுதான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இறக்குங்க! அஞ்சு மார்க் போடுதேன், இறக்குங்க அண்ணாச்சி!"

"இன்னும் ஏழு கால் இருக்குல்லா. நடுவுல கோளாறாச்சுன்னா மறுபடி ஏத்தணும். அந்த ஒடம்போட ரெண்டாந்தடவ ஏறுவானா? பெல்ட் போட்டிருக்கான், நிக்கட்டும். நீ சட்டுபுட்டுன்னு முடி."

ஆனால் எழுபது வினாடிக்கு முன்னால் வைத்தால் செல்லாது. செண்பகவல்லி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆற்றங்கரைக்கு ஆம்புலன்ஸ் வருவதை ஒருமுறை சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே கேள்விதான் கேட்டாள். "நிக்காகளா?" "நிக்கான்." ஐந்து மார்க். "நிக்காகளா?" "நிக்கான், நிக்கான்." ஐந்து. ஒன்பதாவதில் வேல்ராஜ் பதில் சொல்ல நேரமானது. "சாஞ்சு நிக்கான்" என்றான்.

பத்தாவது அழைப்பில் யாரும் பேசவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓடினார்கள். புரியாத பாஷையில் ஆட்கள் கத்தினார்கள். ஒரு பெண் வீறிட்டாள். "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று இவள் இங்கே அலறினாள். சங்கரன் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். எழுபதாவது வினாடியில் இணைப்பு அறுந்தது.

திரை மார்க் கேட்டது. அவள் அறுந்த போனையே காதில் வைத்திருந்தாள்.

"அம்மா, தேறலேன்னா யாரையாவது திரும்ப ஏத்துவா" என்றார் சங்கரன். மணியைப் பார்த்தார். நாலுக்குள் அறிக்கை போயாக வேண்டும். "சத்தம் என்னமோ தெளிவாத்தான் கேட்டது." அவரே குனிந்து ஐந்தை அழுத்தினார்.

கடைசிக் கட்டமும் பச்சையானது. கிராமத்தில் தொலைபேசி சேவை கிடைக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது. செண்பகவல்லி அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள், மராட்டியில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள். மூன்றையும் கேட்டுவிட்டு மறுபடி போட்டாள்.