நொட்டையார் கட்டிய மஞ்சள் சீட்டு

பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காருக்கு இருபத்திரண்டு வயது. அதை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு மனிதர் நாற்பத்தொரு நாள் நடையாய் நடந்து பார்த்ததில் காருக்கு வயது இரண்டாகக் குறைந்தது, அந்த மனிதருக்கு இருபது கூடியது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, எதுவும் வீணாகப் போகவில்லை. அவர் மின்விசிறித் தொழிற்சாலையில் கடைசி மேசைக்காரர். எந்த விசிறியும் பெட்டிக்குள் போவதற்கு முன் அவர் முன்னால் ஒரு நிமிடம் சுற்றிக் காட்ட வேண்டும். இறக்கையில் மயிரிழைக் கீறல், மோட்டாரில் லேசான முனகல், எதுவானாலும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, நூலில் கோத்து, விசிறியின் கழுத்தில் கட்டிவிடுவார். சீட்டு கட்டிய விசிறி ரிப்பேர் மேசைக்குப் போய்க் குறை தீர்ந்து திரும்பி வரும். பத்தொன்பது வருடமாக நொட்டை சொல்லியே சம்பளம் வாங்கியதால் அவருக்கு நொட்டையார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. பெயரில் குறை ஒன்றும் தென்படவில்லை என்று சொல்லிவிட்டார்.

கார் தேவைப்பட்டது அவருக்கல்ல, அவர் மனைவிக்கு. டீச்சர் இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிற பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அந்த வழியில் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். சாயங்காலம் திரும்பி வர காக்காய் குருவிக்குத்தான் வசதி. இதற்கு முன்பும் இரண்டு முறை உத்தரவு வந்து, இரண்டு முறையும் போக வர வண்டியில்லை என்று டீச்சர் மறுத்து எழுதிக் கொடுத்தார். இரண்டு முறையும் நொட்டையார் கார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது முறையும் மறுத்தால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். சேர வேண்டிய கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. டீச்சருக்கு லைசென்ஸ் உண்டு, அக்கா வீட்டுக் காரில் நன்றாக ஓட்டிப் பழகியவர். நொட்டையாருக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனாலும் பார்க்கிற வேலை அவருடையது, ஏனென்றால் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே பல பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாள் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் மூடியைத் திறந்தார், காதை வைத்துக் கேட்டார், மூடினார், "ஓடும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மகன் புது வண்டி வாங்கித் தந்துவிட்டதால் பழையதை விற்கிற பல் டாக்டரும் எதையும் மறைக்கவில்லை. "பார்த்தா தெரியுதே, அங்கங்க ஆட்டம் இருக்கு. ஆனா வேர் கெட்டி. வேணும்னா இன்னைக்கே பிடுங்கிட்டுப் போங்க" என்றார். விலையும் கையில் இருந்த சேமிப்புக்குள் அடங்கியது. வேறு யாராக இருந்தாலும் சாவியை வாங்கியிருப்பார்கள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிக்கொண்டே நொட்டையார் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். காலையில் கிளம்ப நான்கு முறை சாவி திருகவேண்டியிருக்கிறது, இடது முன்விளக்கு மங்கல், பின்கதவு கிறீச்சிடுகிறது என்று மூன்று குறை எழுதி, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே நூல் கோத்து, சீட்டை உள்கண்ணாடியில் கட்டிவிட்டது. காருக்கு யாரும் சீட்டு கட்டியதில்லை. கார் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் போய்ப் பார்த்தால் கார் ஒரே திருகலில் கிளம்பியது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, கதவு வாயே திறக்கவில்லை. அன்று காலை நொட்டையார் நான்காவது கூப்பாட்டுக்குத்தான் எழுந்தார். அது முன்பே உள்ள வழக்கம் என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இடது கண் மங்கியதற்கு வயசு என்றும், தோள்பட்டை கிறீச்சிட்டதற்கு வாயு என்றும் அவரே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். கார் சரியானதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிறவியல்ல அவர். டாக்டர் ராத்திரியோடு ராத்திரியாக ரிப்பேர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்றால் உள்ளே பெரிதாக ஏதோ ஒளிந்திருக்கிறது என்று முடிவுகட்டி, இன்னும் குனிந்து பார்த்தார். தேடினால் கிடைக்காமலா போகும்? புகை நீலமாக வருகிறது. எண்ணெய் சொட்டுகிறது. கூரையில் துரு. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. சீட்டு இரண்டாகி, நான்காகி, கண்ணாடியில் கொத்தாகத் தொங்கியது. தினமும் தொழிற்சாலை விட்டதும் நேரே டாக்டர் வீட்டுக்குத்தான் போனார். கட்டிய மாப்பிள்ளை கூட இத்தனை ஒழுங்காக மாமனார் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

மூன்றாவது வாரத்தில் அவர் சிரித்தால் வாயிலிருந்து இளநீலப் புகை வந்தது. அதிகம் சிரிக்காதவர் என்பதால் சமாளிக்க முடிந்தது, ஆனாலும் மாடி வீட்டம்மா துணி காயப்போடுவதற்கு முன் "உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடிக்குப் போனார். உட்கார்ந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழ, டீச்சர் பழைய விடைத்தாள்களை நாற்காலிக்கு அடியில் விரித்து வைத்தார். உச்சந்தலையில் முடி துருநிறத்துக்கு மாறி, சீவினால் பொடியாக உதிர்ந்தது. தெருமுனையில் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து பாம் என்று ஒரு சத்தம் வந்தது, சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். டீச்சர் மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "ஏங்க, உங்களுக்குக் கார் வேணுமா, குறை வேணுமா?" இரண்டு குறைதான் பாக்கி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார் நொட்டையார். அலமாரியில் இருந்த உத்தரவுக் கவரை டீச்சர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

நாற்பத்தொன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அறுபத்துமூன்று குறையும் தீர்ந்து, கார் கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் நின்றது. உள்ளே புது இருக்கை வாசனை. எழுதுவதற்கு ஒரு தூசியும் கிடைக்காமல் நொட்டையார் முதன்முறையாக, "சரி, எடுத்துக்கலாம்" என்றார். பல் டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எடுத்துக்கங்க. ஆனா இது பழைய வண்டி இல்லையே. புதுசுக்குப் புது விலைதானே நியாயம்?" என்று அவர் சொன்ன தொகைக்கு வீட்டை விற்றாலும் போதாது. நொட்டையார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் கதையாகப் போயிற்று. விலை இறங்குமென்று நொட்டை சொல்லிச் சொல்லி விலையை ஏற்றிய ஒரே மனிதர் உலகத்தில் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது, டாக்டர் வாசல் முழுக்கப் புகை.

வீட்டுக்கு ஆள் வராததால் தேடிக்கொண்டு டீச்சர் வந்தார். முன்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தொங்கிய சீட்டுக் கொத்தை இழுத்து முதலிலிருந்து படித்தார். ஒரு வரி படிப்பார், வாசலில் இருந்த புருஷனை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணு மங்கல். தோள் கிறீச். தலையில் துரு. இருபத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவருக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு மறுபடியும் ஒரு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும், அதுதான் கடைசி என்பது டீச்சருக்கும் தெரியும், நொட்டையாருக்கும் தெரியும்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க" என்றார் டீச்சர். "ஒரு குடை வாங்க ஆறு மாசம் பார்ப்பீங்க. என்னைப் பார்க்க வந்தன்னைக்கு மட்டும் எப்படிப் பத்தே நிமிஷத்துல சரின்னு சொன்னீங்க?"

நொட்டையார் தரையைப் பார்த்தார். "பயந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தா நீ எனக்குச் சீட்டு எழுதிடுவியோன்னு."

"எழுதாமலா இருந்தேன்?" என்று டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனசுக்குள்ளயே எழுதி அப்பவே கையெழுத்தும் போட்டாச்சு."

அந்த மஞ்சள் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: இருந்தபடியே ஏற்கப்பட்டது. குறையோடு ஒரு பொருளை வாங்கிக்கொள்ள மேசைக்காரருக்கு உள்ள அதிகாரம் அது. பத்தொன்பது வருடத்தில் நொட்டையார் ஒரு முறை கூட அதன்மேல் பேனா வைத்ததில்லை. வைத்தால் தன்னையே வேலையைவிட்டுத் தூக்கிக்கொள்வது போலிருக்கும் என்று நினைத்திருந்தார். அவர் எழுந்து வந்து, தோள் கிறீச்சிட, கார் ஜன்னலில் கையை ஊன்றி, ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். காரின் பளபளப்பு பால் ஆறுவது போல அடங்கியது. கூரையில் துரு படர்ந்தது, இடது விளக்கு மங்கியது, கீழே முதல் சொட்டு எண்ணெய் விழுந்தது. டாக்டர் மூடியில் தட்டிப் பார்த்து, "இது நம்ம வண்டி" என்று சொல்லிப் பழைய விலைக்கே சாவியை நீட்டினார். டீச்சர் நான்கு முறை திருகினார், நீலப் புகையோடு கார் கிளம்பியது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்த நொட்டையாருக்குக் கண் தெளிவாகத் தெரிந்தது. தெருமுனையில் டீச்சர் இடது பக்கம் திருப்பியபோது கார் சத்தமில்லாமல் திரும்பியது, பாம் என்றது அவர்தான். கடைசியாகப் போட்ட கையெழுத்து சறுக்கி, ஹாரன் பற்றிய அந்த ஒரு குறையின் மேலேயே விழுந்து எழுத்தை மறைத்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு டீச்சர் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியை ஆனார். பாலத்தைத் தாண்டியதும் ஒரு குருட்டு வளைவு, எதிரே வருவது தெரியாது, இடது பக்கம் திரும்ப வேண்டும். ஹாரன் அடிக்காமல் அங்கே திரும்புகிறவர்கள் இல்லை. ஆகவே காரின் ஹாரன் தன்னிடமே தங்கிவிட்டதென்று நம்பிய நொட்டையார் தினமும் வளைவு வரை கூடப் போய், பாம் என்று சொல்லிவிட்டு இறங்கி, பாலத்தின் மேல் நடந்து தொழிற்சாலைக்குத் திரும்பினார். வரும்போது அது வலது பக்கம் என்பதால் சத்தம் கிடையாது. லாரிக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகி, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வருகிறார் என்று ஒதுங்கி நின்றார்கள். இப்படிப் பதினொரு வருடம் போனது. நடுவில் ஒரு நாள் நொட்டையாருக்குக் காய்ச்சல் வந்து வரவில்லை. வளைவில் டீச்சர் காரின் ஹாரனை அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலை அதைப்பற்றி மூச்சே விடாமல் அவரை எழுப்பினார். நொட்டையார் வழக்கம்போல நான்காவது கூப்பாட்டுக்கு எழுந்தார். அது காரிடமிருந்து வந்த குறையே அல்ல.