அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் அனந்தநாத நயினார் தலைமை எழுத்தராக இருந்தார். சங்கத்தின் இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் அவரே எழுதி, அவரே டைப் அடிப்பார். எதைப் பற்றிய கடிதமானாலும் அதில் 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று ஒரு வரி வந்துவிடும். எந்த நிலையிலும் சங்கத்துப் பட்டுநூலை வெளியாருக்குக் கைமாற்றக் கூடாது. எந்த நிலையிலும் விடுமுறை நாளில் கிடங்கைத் திறக்கக் கூடாது. அந்த வார்த்தையைப் பார்த்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

1969இல் அவருடைய ஒரே மகள் பிராமி, அரக்கோணத்துப் பள்ளியில் தன்னோடு வேலை பார்த்த தேவசகாயம் என்ற கிறிஸ்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவள் தாய் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செய்தி கிடைத்ததும் நயினார் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த வீட்டுக்குப் போகாமல், ஆபீசிலேயே உட்கார்ந்து மகளுக்கு டைப் அடித்தார். தமிழில் எழுதியிருந்தால் இரண்டாவது வரியிலேயே கை நின்றிருக்கும். இங்கிலீஷில் நிற்கவில்லை. எந்த நிலையிலும் நீ இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. அவளும் வரவில்லை. நாலு வருஷம் அவரே சமைத்து, காலையில் படித்த பேப்பரையே மாலையிலும் படித்துக்கொண்டு இருந்தார்.

நாலாம் வருஷம் டைபாய்டு வந்து விழுந்தார். பக்கத்து வீட்டுக் குணமாலாதான் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிராமிக்கும் கடிதம் போட்டாள். அவர் கண் திறந்தபோது பிராமி பார்லிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தே?"

"முந்தாநாள். பேசாம படுங்கபா."

பதினொரு நாள் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, ஊருக்குள் ஒரு டீச்சர் வீட்டில் குளித்துவிட்டு வந்தாள். வீட்டுச் சாவி அவர் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. அவள் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் ரிக்‌ஷாவில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, தெருவிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"வேணாம்பா."

"அது ஏதோ கோவத்துல எழுதினது."

"கோவமா இருந்தா தமிழ்ல திட்டியிருப்பீங்க. நீங்க ஒரு தப்பில்லாம, கமா புள்ளி எல்லாம் வெச்சு அடிச்சிருந்தீங்க. அதுல எங்கனா ஒரு சந்து இருக்குமான்னு நானும் எத்தினியோ வாட்டி படிச்சிக்கினே இருந்தேன். இல்ல. ஆஸ்பத்திரிய பத்தி அதுல எதுவும் இல்ல, அதான் வந்தேன்."

சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. மாத்திரைகளை எப்போது சாப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டு அதே ரிக்‌ஷாவில் போய்விட்டாள்.

மறுபடி வேலையில் சேர்ந்ததும் அவர் டைப் மெஷினில் ஒரு தாளைச் செருகினார். முன்பு அனுப்பிய கடிதம் இதனால் ரத்து செய்யப்படுகிறது. படித்துப் பார்த்தார். சங்கத்துச் சுற்றறிக்கை போல இருந்தது. கிழித்துப் போட்டார். வீட்டில் உட்கார்ந்து தமிழில் 'அன்புள்ள பிராமி' என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி அரக்கோணம் பஸ்ஸில் ஏறினார்.

கதவைத் திறந்தவர் மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆள். தேவசகாயத்தை நயினார் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாமா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி தேவசகாயம் வெளியே போய்விட்டார்.

பிராமி ஐந்து மணிக்கே இலை போட்டாள். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிடமாட்டார் என்பதை அவள் மறக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் அவர் சொன்னார்: "நான் எழுதினது தப்பும்மா. வீட்டுக்கு வா."

அவள் ரசத்தை ஊற்றினாள். "சரிபா."

"எப்ப வருவே?"

"தெரியல. வரக்கூடாதுன்னு மனசைப் பழக்கறதுக்கே இத்தினி வருஷம் ஆச்சு. உடனே மாத்திக்க முடியல. நீங்க வந்து போயிக்கினு இருங்க."

அவர் தலையாட்டினார். சாப்பிட்டு முடித்ததும் தேவசகாயம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க" என்றார். "வரேன்" என்று நயினார் ஏறிக்கொண்டார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கினார். அதன் பிறகு, மறுநாள் ஆபீஸ் திறக்கும்வரை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கவில்லை.