மூக்குக் கம்பி

சின்னுசாமி கம்பி முறுக்கும் குறட்டை எடுத்துத் துடைக்கும்போதே கலைச்செல்விக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சினைப் பன்றியின் மூக்கில் செம்புக் கம்பியைக் குத்தி வளையமாக முறுக்க வேண்டும். அதற்குப் பிறகு மண்ணைக் கிண்டினால் வலிக்கும், கிண்டுவதை விட்டுவிடும். புருஷன் குத்த, பிடித்துக்கொள்வது அவள் வேலை.

எல்லாம் பக்கத்துக் காட்டுச் சென்றாயன் செய்த வேலை. தன் மிளகுக் கொடிகளின் வேரையெல்லாம் அவர்கள் பன்றி உழுதுபோட்டதாக ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கிண்டினால் கறிக்குப் போட்டுவிட வேண்டும் என்று ஊரும் முடிவு செய்துவிட்டது. குட்டி போட இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

கம்பி ஏறியபோது பன்றி அலறிய அலறலில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். ரத்தமும் சளியும் நுரையுமாக அவள் முழங்கை வரை வழிந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பன்றிக்கும் இறங்கவில்லை. நாலாம் நாள் மூக்கு வீங்கிச் சீழ் பிடித்தது. ஈ மொய்த்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடப் போனவள், புண்ணுக்குள் புழு நெளிவதைப் பார்த்து வேலி ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே சென்றாயன். நேற்றும் பன்றி வந்து நாலு கொடியைத் தோண்டிவிட்டதாம், இன்றைக்கே கறிக்காரனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமாம். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடக்கிற பன்றி எப்படிப் போகும்? அவள் நேரே அவர் காட்டுக்கு நடந்தாள்.

கொடி மூட்டில் அவருடைய நாய்கள் இரண்டும் தோண்டிக்கொண்டிருந்தன. அங்கே அடித்த நாற்றத்தில் பன்றிப் பட்டி எவ்வளவோ தேவலை என்றிருந்தது. காலால் மண்ணைத் தள்ளினாள். அழுகிய மீன் குடல். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரர் சோளக்காட்டுச் சந்தையில் கழித்துப் போடுவதை இவர் மூட்டை மூட்டையாய் அள்ளி வந்திருக்கிறார். மீன் கழிவை வெல்லம் சேர்த்து டிரம்மில் மூடி வைத்து, ஊறிய பிறகு தண்ணீர் கலந்து ஊற்றுவார்கள். அதற்குப் பொறுமையில்லாமல் கொடிக்குக் கொடி பச்சையாய்ப் புதைத்திருக்கிறார். எந்தப் பன்றிதான் விடும்?

சென்றாயன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எருவுக்குத்தானே போட்டேன் என்று முனகினார். அவளுக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"கம்பிய இப்பவே கழட்டோணுமுங்க மாமா. அவரு பஸ்ஸேறிச் சோளக்காடு போயிட்டாரு. நீங்கதான் வந்து புடிக்கோணும்."

சென்றாயன் அவள் பின்னாலேயே நடந்தார். பட்டிக்குள் வந்து ஒரு கையால் பன்றியின் காதைப் பிடித்தார். மற்றக் கை துண்டை விடவில்லை. சீழில் ஊறிய கம்பியில் குறட்டை மாட்டியபடி கலைச்செல்வி நிமிர்ந்தாள்.

"ரெண்டு கையும் வேணுமுங்க."

அவர் துண்டை விட்டார்.