கீழே நின்ற எதிரி

புவெப்லா நகர மல்யுத்த அரங்கில் நல்லவர் வேஷம் கட்டும் அணிக்கு ஓர் அறை, கெட்டவர் வேஷம் கட்டும் அணிக்கு ஓர் அறை. நீல முகமூடி போட்டு நல்லவர் பக்கம் மோதும் ஒப்துலியா, மூன்று வருஷமாக எதிர் அறை வாசலை மிதித்ததில்லை. முன்பெல்லாம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோளமாவில் அவித்த ஒரே தமாலைப் பிட்டுத் தின்ற ஹெனொவேவா, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டவர் அணிக்குப் போய்விட்டாள். மேடையில் அவர்கள் போட்டது பேசிவைத்த சண்டை. திரைக்குப் பின்னால் இருந்த பகை நிஜம். இரண்டு கூட்டமும் முகம் கொடுத்துப் பேசாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவருக்கும் மோதல். ஒப்துலியா மேடையைச் சுற்றிய மேல்கயிற்றில் ஏறி வெளியே பாய வேண்டும்; கீழே நிற்கும் ஹெனொவேவா தாங்கிக்கொள்ள வேண்டும். பாயும் நொடியில் கால் வழுக்கியது. உடம்பு பக்கவாட்டில் புரண்டு, தலை சிமெண்டுத் தரையை நோக்கி இறங்கியது. செத்தோம் என்றே நினைத்தாள்.

தலை ஒரு நெஞ்சின் மேல் போய் மோதியது. நாலடி தள்ளி நின்றவள் எப்படியோ அடியில் வந்து மல்லாந்து கிடந்தாள். காதருகே ஏதோ முறிந்தது.

“கழுத்து திரும்புதாடி?” ஹெனொவேவா அடிக்குரலில் கேட்டாள்.

“திரும்புது. உனக்கு?”

“விலா போச்சு. எந்திரிச்சு என்னை அடி, சனம் பாக்குது.”

அடித்தாள். முறிந்த விலாவோடு ஹெனொவேவா இன்னும் எட்டு நிமிஷம் நின்றாள். முன்வரிசைக் கிழவியைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்; வசவையும் எறிந்த கோப்பையையும் வாங்கிக்கொண்டாள்; பேசிவைத்தபடி தோற்றாள்.

ஆட்டம் முடிந்ததும் ஒப்துலியா நேரே எதிர் அறைக்குள் போனாள். அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் சாய்ந்திருந்த ஹெனொவேவா கண்ணைத் திறந்தாள்.

“இங்க உனக்கென்னடி வேலை? உன் ஆளுங்க பாத்தா சேத்துக்க மாட்டாங்க.”

“பாக்கட்டும். நான் வழுக்குவேன்னு உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?”

“பயந்தா உன் இடது பாதம் உள்ளே மடங்கும். எத்தனை வருஷம் பாத்திருக்கேன்.”

தன் பாதம் அப்படி மடங்குவது ஒப்துலியாவுக்கே தெரியாது. தரையில் உட்கார்ந்து, குனிய முடியாதவளின் பூட்ஸ் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்க்கத் தொடங்கினாள். கெட்டவர் அணியில் யாரோ, கயிறு தெரியட்டும் என்று விளக்கை ஒப்துலியா பக்கம் திருப்பி வைத்தார்கள்.