சேலை பிழிய ஓர் உறுதிமொழி

சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கிற ராஜாராம், தீபாவளிக்குள் முந்நூறு சேலை கொடுத்தாக வேண்டும். மதுரையிலோ நான்கு நாளாக விடாத மழை. ஈரத்தைச் சுழற்றிப் பிழியும் வெளிநாட்டு இயந்திரம் சென்னைக் கிடங்குக்கு வந்துவிட்டது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அதில்தான் வில்லங்கம். 'இதைக் கொண்டு அணுகுண்டோ விஷவாயுவோ செய்ய மாட்டேன். சேலை பிழிவதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டேன்' என்று எழுதித் தர வேண்டுமாம்.

"என்னப் பாத்தா குண்டு செய்றவன் மாதிரியா இருக்கு?" என்று போனில் இயந்திர ஏஜெண்ட் கிரீஷைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களச் சொல்லலண்ணே. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல நம்ம நாடு கையெழுத்துப் போடலல்ல? அதான் இந்தப் படிவம்."

"எப்படிப் போடும்? குண்டு வச்சிருக்கிறவன் வச்சுக்குவானாம், மத்தவன் மட்டும் சத்தியம் பண்ணணுமாம்! முதல்ல அடிக்க மாட்டோம்னு நாமளாத்தான் சொல்லியிருக்கோம்ல? குண்டு செய்ய மிஷின் தர மாட்டோம்னு அந்தக் கம்பெனிக்காரங்களும் எழுதித் தரட்டும், நானும் போடுறேன்."

கிரீஷ் அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினான்.

இரண்டு நாளில் வீடே ஈரச் சேலையானது. மனைவி சூடாமணி சாப்பாட்டுத் தட்டின் மேல் தொங்கிய முந்தானையை விலக்கினாள். "சாம்பார்ல சாயம் சொட்டுது. உங்க வெளியுறவுக் கொள்கை எப்பங்க முடியும்?"

மூன்றாம் நாள் பதில் வந்தது: 'மன்னிக்கவும். எங்கள் இயந்திரங்கள் சில எங்கள் நாட்டு ஆயுதத் தொழிற்சாலையில் ஓடுகின்றன. நாங்கள் எழுதித் தர இயலாது.'

"பாத்தியா!" ராஜாராம் துள்ளினார்.

"பாத்தேன். சேல காஞ்சிருச்சா?"

மறுநாள் காலை வாசலில் லாரி. இயந்திரம் இறங்கியது.

"நான் கையெழுத்தே போடலையே!"

"ஜிஎஸ்டி யார் பேர்ல இருக்கு? முதலாளி போட்டா போதுமாம். போட்டுட்டேன்" என்றாள் சூடாமணி.

மாலைக்குள் நூறு சேலை பிழிந்தாயிற்று. அப்போது கிரீஷ் கூப்பிட்டான். "அண்ணே, கம்பெனி அம்மா இப்ப வீடியோல வருவாங்க. வேற எதுக்காவது ஓடுனா மிஷினத் திருப்பி எடுத்துக்குவாங்களாம்."

ராஜாராம் நிமிர்ந்த நெஞ்சோடு போய் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணி மூட்டையில் முருங்கைக்கீரை.

"சூடாமணி! இது ஒப்பந்த மீறல்!"

"அலசுன கீரைங்க. ரெண்டே நிமிசத்துல தண்ணி வடிஞ்சிருச்சு. குண்டா செஞ்சேன்?"

போன் அலறியது. மூட்டையைப் பிரித்து, கீரையை வேட்டி மடிக்குள் கொட்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் சேலையை உள்ளே திணித்துப் பொத்தானைத் தட்டினார்.

வேறெதற்காவது பயன்படுத்தினீர்களா என்று அந்த அம்மா கேட்டாள்.

"சத்தியமா இல்லைங்க" என்றார் ராஜாராம், யாரும் கேட்காத சத்தியத்தையும் சேர்த்து.

மடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்த இலைகளை, படத்தில் விழாமல் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள் முதலாளியம்மா.