இருபத்தாறாவது நிகழ்ச்சி

மூன்று கிழமையாக இக்னேசியஸ் வீட்டில் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையைக் கரண்டியால் தட்டுவார். மற்றதெல்லாம் கடை விளம்பரத் தாள்களின் ஓரத்தில் எழுத்து. கோழிக்கால் மலிவு என்று அச்சடித்ததற்குப் பக்கத்தில் 'உப்புக் காணாது' என்று எழுதியிருப்பார். முப்பத்தொரு வருடமாக வாயால் கேட்டுவந்த குறைகள் கிளடிஸுக்கு இப்போது எழுத்துமூலம் கிடைத்தன. அவள் அந்தத் தாள்களை எறியவில்லை.

தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லி, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்திருந்தார். இது வீட்டிலிருந்த இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது இக்னேசியஸின் கட்டளை. அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறுதான் அவருக்கு ஸ்காபரோவில் பாராட்டு விழா. அதுவரை பேசாமல் இருந்தால் ஒரு பாட்டுக்குக் குரல் தாங்கக்கூடும் என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மனிதர் மௌனச்சாமியாகிவிட்டார். கணவனின் கடைசி மூன்று கிழமைப் பேச்சை ஒரு பாட்டுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்பது கிளடிஸுக்குத் தெரியும். விட்டுக்கொடுத்தாள்.

ஏனென்றால் அது புதுப்பாட்டு.

பாசையூர்க் கோயில் பாடகர் குழுவில் தொடங்கிய இக்னேசியஸ், எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் பாடப்போனார். கப்பற்காரர் கொண்டுவந்த கறுப்பு அமெரிக்கரின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அதே மாதிரித் தமிழில் அடிவயிற்றிலிருந்து அழுது பாடினார். அதற்குச் சோல் என்று பெயர். 'ஏழு மணிக் கோச்சி' என்ற அவருடைய ரயில் பாட்டு வானொலியில் வராத நாள் இல்லை. மூன்று வருடம் அரசாட்சி. யானைக்கால் களிசான், காதை மூடிய தலைமயிர், மேடைக்குக் கீழே மயங்கி விழுந்த பெண்கள். (விழுந்தவர்களில் ஒருத்திக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்பது கிளடிஸின் கட்சி.) பிறகு கலவரம், விமானம், ரொறன்ரோ. கிழமை நாட்களில் பெட்டி அடுக்கும் தொழிற்சாலை, சனிக்கிழமைகளில் கலியாண மண்டபம். பன்னிரண்டு வருடமாக, ரோல்ஸுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் நடுவில், மாப்பிள்ளை பகுதியாரின் விருப்பமாக அந்த ஒரே கோச்சியை ஓட்டிக்கொண்டிருந்தார். வேறொன்றை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் குளியலறையில், கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, பத்து வருடமாக ஒரு பாட்டைச் செய்துகொண்டிருந்தார். கிளடிஸுக்குக்கூட அதைப் பாடிக் காட்டவில்லை. கதவுக்கு வெளியே மெட்டு மட்டும் வரும், சொல் வராது. கேட்டால், "முடியட்டும்" என்பார். போன வசந்தத்தில், "முடிஞ்சுது" என்றார். அடுத்த மாதம் குரல் கரகரத்தது.

விழா எடுத்தது ஒன்ராறியோ கலைச்சுடர் ஒன்றியம். தலைவர் தில்லையம்பலம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைகளைப் பரிசோதித்தவர். ரொறன்ரோவில் மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, நான்காவதில் தேர்தலில் தோற்றபடியால் இந்த ஐந்தாவதைத் தொடங்கினார். இக்னேசியஸுக்கு அவர் கொடுக்கப்போகும் பட்டம் 'ஆத்மகான மாசக்கரவர்த்தி'. வெறும் சக்கரவர்த்தி பட்டத்தைப் போன வருடம் ஒரு தவில்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

மண்டபம் இரண்டு மணிமுதல் ஆறு மணிவரைக்கும்தான். அழைப்பிதழில் 'சரியாக இரண்டு மணி' என்று போட்டிருந்தது. மூன்றே காலுக்கு, றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை முடித்து வந்த பிரதம விருந்தினரான குருக்கள் விளக்கேற்றினார். குத்துவிளக்குக்கு ஐந்து முகம். ஏற்றுவதற்குப் பதினொரு பிரமுகர். எரிந்த திரியை நூர்த்து நூர்த்து ஏற்றினார்கள். நிகழ்ச்சி நிரலில் இருபத்தேழு இருந்தன. இருபத்தாறாவது: 'ஏற்புரையும் பாடலும்'.

கிளடிஸ் முன்வரிசையில், கீபோட் வாசிக்க வந்த அமிர்தநாதருக்குப் பக்கத்தில் இருந்தாள். கொழும்புக் காலத்திலிருந்து இக்னேசியஸுக்கு வாசிக்கிறவர். புதுப்பாட்டின் மெட்டை மட்டும் கசற்றில் கேட்டுப் பழகியிருந்தார்.

"அமிர்தண்ணை, இப்ப எத்தினையாவது?"

"பத்து. உந்த நடனப் பிள்ளையள் ரெண்டு தரம் வந்ததை ஒண்டாக் கணக்கெடுத்தா ஒன்பது."

"நாலரை ஆகுது."

"நான் விட்பியிலயிருந்து ஒண்டரைக்கு வந்தனான் பிள்ளை. என்ரை கீபோட்டே நித்திரையாப் போச்சு."

மேடையில் தில்லையம்பலம் மைக்கை ஒரு கையால் பிடித்து மறு கையால் வானத்தைக் காட்டினார். "சோல் என்றால் என்ன? ஆன்மா! ஆன்மா என்றால் என்ன?" அதைச் சைவசித்தாந்தப்படி விளக்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பாசையூர்க் கத்தோலிக்கர் ஒருவர் பதி, பசு, பாசம் மூன்றையும் கறுப்பு இசைக்குள்ளே வைத்துப் பாடியிருக்கிறார் என்பது அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்டவர் நாற்காலியில் கைகட்டி இருந்தார். அதற்குள் எட்டுப் பொன்னாடை விழுந்திருந்தது. ஒன்பதாவதைப் போர்த்த வந்தவர், கமராவுக்கு முகம் தெரியவேண்டும் என்று இக்னேசியஸின் தலையைக் கொஞ்சம் சரித்துவிட்டார்.

ஐந்தே காலுக்குப் பதினாறாவது நிகழ்ச்சி. கிளடிஸ் எழுந்து மேடைப் பக்கப் படிக்குப் போனாள்.

"அண்ணை, இப்ப அவர் பாடவேணும்."

"பாடுவார் தங்கச்சி. ஏன் அந்தரப்படுறியள்? இருபத்தாறாவது அவற்றைதான். அச்சடிச்சுக் கிடக்கு."

"ஆறுக்கு ஹோலை விடவேணும். அடுத்த ஆக்கள் வாசல்ல வந்து நிக்கினம்."

"ஆர்?"

"சாமத்தியவீட்டுக்காரர்."

"அவையும் எங்கடை ஆக்கள்தானே! ஆறெண்டா ஏழரைக்குத்தான் தொடங்குவினம். நீங்கள் போய் இருங்கோ."

கிளடிஸ் போகவில்லை. மேடையில் பத்தாவது பொன்னாடைக்குள்ளே கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் கழுத்து நரம்பு இழுத்தது. கட்டளையை மீறினாள்.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. செவ்வாய்க்கிழமை அவற்றை குரல்பெட்டியை வெட்டி எடுக்கினம். கான்சர். இனிப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு பாட்டு, அஞ்சு நிமிசம். அதுக்காக மூண்டு கிழமை என்னோடையும் கதைக்கேல்லை அந்த மனுசன்."

தில்லையம்பலத்தின் கண் உண்மையாகவே கலங்கியது. அதில் நடிப்பில்லை. அவளுடைய கையைப் பிடித்து, "நான் பாத்துக்கொள்ளுறன், தங்கச்சி" என்றார். இந்த மனிதருக்குள் இப்படி ஒரு மனிதர் இருந்தாரா என்று கிளடிஸ் வெட்கப்பட்டுக்கொண்டே தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

தில்லையம்பலம் நேரே மைக்குக்குப் போனார்.

"பெருமக்களே! என் நெஞ்சில் இடி விழுந்திருக்கிறது. அதை உங்கள் நெஞ்சிலும் இறக்கிவைக்கிறேன்."

இறக்கிவைத்தார். மண்டபம் 'ஐயோ' என்றது. மேடையில் இக்னேசியஸ் திரும்பி, முன்வரிசையில் கிளடிஸைத் தேடி, பார்த்தார். கோபம் என்றால் அவளுக்குப் பழக்கம். இது அது இல்லை. தெருவில் யாரென்று தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

நிகழ்ச்சி நிரலை ஒதுக்கிவைத்தார்கள், உண்மைதான். அந்த இடத்தில் அனுதாப உரைகள் வந்தன. ஆளுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டு மைக்கைப் பிடித்த தமிழன் அதை எப்போது விட்டிருக்கிறான்? குருக்கள் தேவாரம் பாடினார். மதச் சமநிலைக்காக ஒரு கன்னியாஸ்திரி செபம் சொன்னார். பிறகு தில்லையம்பலம் அந்த மாபெரும் குரலுக்காக எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். இக்னேசியஸும் எழுந்தார். தன் குரலுக்குத் தானே தலை குனிந்து நின்றார். பத்துப் பொன்னாடையும் தோளிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின.

"இந்த ஒரு நிமிசத்திலை ஒரு சரணம் பாடியிருக்கலாம்" என்று அமிர்தநாதர் பல்லுக்குள் சொன்னார்.

மணி ஐந்து ஐம்பது. இக்னேசியஸ் மைக்கைத் தானே எடுத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதற் சொல். "நான் பாடுறன்."

கரகரப்புக்கு அடியில் அந்தக் குரல் இருந்தது.  அமிர்தநாதர் ஓடிப்போய்க் கீபோட்டில் விரலை வைத்தார்.

"நிப்பாட்டுங்கோ!" பின்வரிசையிலிருந்து தியாகலிங்கம் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் வைத்தியர். இங்கே பரீட்சைகள் எழுதி முடியாமல் ஆறு வருடமாக டாக்சி ஓட்டுகிறார். அந்த ஆறு வருடத்தில் ஒருவரும் அவரிடம் தடிமனுக்குக்கூட மருந்து கேட்டதில்லை. "இந்த நிலையிலை பாடினா இரத்தக்குழாய் வெடிச்சுப்போம். ஒரு வைத்தியனாச் சொல்லுறன். இது தற்கொலை."

"இவற்றை டொக்டர் பாடலாம் எண்டு சொன்னவர்!" என்று கிளடிஸ் எழுந்து கத்தினாள். அவளிடம் மைக் இல்லை.

"வேண்டாம் அண்ணை!" என்று ஒரு பெண் அழுதாள். "உங்கடை உயிர்தான் எங்களுக்கு வேணும்!" என்றது இன்னொரு குரல். மண்டபம் முழுக்க 'வேண்டாம், வேண்டாம்' என்று ஒரே வாயாகச் சொன்னது. அந்த மண்டபத்தில் அவரில் அன்பில்லாத ஒரு ஆள் இருந்திருந்தால், இருந்து கேட்டிருப்பார்.

"நான் பாடத்தான் வந்தனான்" என்றார் இக்னேசியஸ்.

தில்லையம்பலம் அவரைக் கட்டிப்பிடித்து, கட்டிப்பிடித்த கையாலேயே மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா, ஒரு மகா கலைஞனின் பிடிவாதத்தை!" கைதட்டல் கூரையில் முட்டியது. "நாங்கள் விடமாட்டோம், ஐயா. உங்களுக்குப் பதிலாக உங்கள் குரலே பாடட்டும்!"

ஒலிபெருக்கிக்காரர் கசற்றைப் போட்டார். 'ஏழு மணிக் கோச்சி'. இருபத்துச் சொச்ச வருடத்துக்கு முந்தின குரல் தளதளவென்று ஓடிவந்தது. சனம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தாளம் போட்டது. யாரோ திரும்பவும் மைக்கை இக்னேசியஸின் கையில் வைத்தார்கள், வீடியோவுக்காக. அவர் அதைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக மூடி நின்றார். கிளடிஸுக்கு முன்னால் ஒருவர் மனைவியிடம், "அப்பிடியே அதே குரலப்பா, ஒரு மாற்றமும் இல்லை" என்றார்.

பாட்டு முடிய ஆறு மணி. பின்கதவால் சாமத்தியவீட்டுக்காரரின், பெரியபிள்ளையானவளை இருத்துவதற்கு றெஜிபோம் வெட்டிச் செய்த வெள்ளை அன்னப்பறவை மேடைக்கு ஏறியது. அவர்கள் சரியாக ஆறுக்குத் தொடங்குகிற ஆட்கள்.

கார் நிறுத்துமிடத்தில் குளிர் காற்றுக்குள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். இக்னேசியஸ் ஒவ்வொருவருக்கும் "நன்றி, நன்றி" என்றார். கிளடிஸ் அந்த நன்றிகளை எண்ணினாள். நாற்பதுக்குப் பிறகு விட்டுவிட்டாள். அமிர்தநாதர் காரை எடுத்து வந்து, "இக்னேசி, கீபோட் பின்னுக்குக் கிடக்கு. எங்கையெண்டாலும் நிப்பாட்டுறன். பாடு" என்றார். இக்னேசியஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டி மறுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம்வரை பேச்சில்லை. எழுத்தும் இல்லை. சோற்றுக்கு முன்னால் இருந்து, "நீ ஏன் சொன்னனீ?" என்றார்.

அவளிடம் பதில் இருந்தது. நேரம் போய்விட்டது, உங்களுக்காகத்தான் என்றெல்லாம். 

"எனக்குப் பாடிக் காட்டுங்கோப்பா" என்றாள். "இஞ்சை. இப்ப."

"சபை வேணும், கிளடிஸ். ஒரு ஆளுக்குப் பாடினா அது பாட்டில்லை, முணுமுணுப்பு." மாசக்கரவர்த்தி பட்டத்துக்கு அவரிடமும் கொஞ்சம் இடம் இருந்தது. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து இளகி, "உனக்குத்தான் அந்தப் பாட்டுத் தெரியுமே. பத்து வருசமாக் கேட்டனீதானே" என்றார்.

மெட்டுத் தெரியும். ஒரு சொல் தெரியாது. அதைச் சொன்னால் அவர் பத்து வருடமும் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பாடியதாக ஆகிவிடும்.

"ஓம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் நாலு இடத்தில் பெயரும் பிறந்த திகதியும் கேட்டார்கள். நாலு இடத்திலும் சொன்னார். சத்திரசிகிச்சை அறையின் இரட்டைக் கதவுவரை கிளடிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் நடந்தாள். அங்கே பச்சைத் தொப்பி போட்ட தாதி ஒருத்தி மட்டையைப் பார்த்துக்கொண்டு ஐந்தாவது தரம் கேட்டாள்.

"இக்னேசியஸ் மரியாம்பிள்ளை. ஏப்ரல் பதினொன்று, முப்பத்தெட்டு" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

தாதிக்கு விளங்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். அவர் சத்தமாகச் சொன்னார். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.