படைப்பு மூலையில் மருந்து அடித்தார்கள்

பாலர் பள்ளியின் பின்பக்கம், மதிலை ஒட்டி ஓர் எலுமிச்சைச் செடி. சுற்றிலும் நாலைந்து தொட்டி, உடைந்த செங்கல்லில் ஒரு வரப்பு, பலகையில் பச்சை எழுத்தில் ‘படைப்பு மூலை’. சபை நடத்தும் பள்ளி அது. சேர்க்கைக்கு வரும் பெற்றோரைப் பாஸ்டரின் மனைவி முதலில் கூட்டிப்போவது இந்த மூலைக்குத்தான். எல்லோருக்கும் அவர் பாஸ்டரம்மா. பள்ளிப் பொறுப்பு முழுக்க அவருடையது. எங்கள் பிள்ளைகள் ஆண்டவரை மண்ணிலும் இலையிலும் படிக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தானாகக் குழையும். சொல்வது அவர். அங்கே குந்தி உட்கார்ந்து மண்ணோடு மல்லுக்கட்டுவது டீச்சர்.

டீச்சர் அதிகம் பேசாதவள். பிள்ளை எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்து முடிவதற்குள் பாதிக் கேள்விக்குப் பிள்ளையே பதில் கண்டுபிடித்திருக்கும்.

அந்தப் பருவத்தில் செடியில் புழு வந்தது. முதலில் பார்த்தவர்கள் காக்கா எச்சம் என்றார்கள். எச்சம் நடக்க ஆரம்பித்ததும் ஒரே கூச்சல். சில நாளில் அவை பச்சையாகிக் கொழுத்தன. தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடித்தன. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கு ஒரு புழுவைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். காலை ஜெபத்துக்குச் செடியைச் சுற்றி நின்று, அவரவர் புழு இருக்கும் இலையைக் கீழிருந்து ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, ஆண்டவரே இதைப் பறவை கொத்தாமல் பார்த்துக்கொள்ளும் என்று வேண்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு சிறுமிதான் ஆரம்பித்து வைத்தாள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பெயரே ‘ஏன்’.

புதுப் பெற்றோர் வரும் நாள். டீச்சர் சீக்கிரமே வந்து பின்பக்கம் போனாள். மண்ணெண்ணெய் கலந்தது போன்ற ஒரு நெடி மூக்கில் ஏறியது. இலைகளில் வெள்ளைப் படலம். செடியின் அடியில், தொட்டிகளுக்கு மறைவில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. ஒன்றிரண்டு பச்சையாகக் கக்கியிருந்தன. ஒன்று இன்னும் கொம்பை உள்ளே இழுக்காமலே செத்திருந்தது. டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

அலுவலறையில் பாஸ்டரம்மா வண்ண அட்டையில் வெட்டிய பட்டாம்பூச்சிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் வந்ததாகவும், அப்படியே செடிக்கும் அடிக்கச் சொன்னதாகவும் நிமிராமலே சொன்னார். இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தால், செடியையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் கேட்பார்களாம்.

“புழுவெல்லாம் பட்டாம்பூச்சியாகிப் பறந்துருச்சு, ஆண்டவர் புது உடம்பு குடுத்துட்டாருன்னு சொல்லிடுங்க டீச்சர். உயிர்த்தெழுதல் பாடமும் நடத்தின மாதிரி ஆச்சு.”

கொன்றதைக்கூட டீச்சருக்கு ஒரு கணம் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொன்றுவிட்டு அதன்மேல் ஆண்டவர் பெயரை விரிப்பு மாதிரி விரித்து மூடுகிறார்களே. அவள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பாஸ்டரம்மாவுக்குப் பழக்கம். இன்னொரு பட்டாம்பூச்சிக்கு நூல் கோத்தார்.

“செத்ததைச் செத்ததுன்னு சொல்லாம, உயிர்த்தெழுதலை எப்படிம்மா சொல்றது?” என்றாள் டீச்சர்.

“நாலு வயசுப் பிள்ளைங்க. சாவெல்லாம் அதுங்களுக்கு எதுக்கு இப்போ?”

“உங்க தலைக்கு மேல சிலுவை மாட்டியிருக்கு.”

பாஸ்டரம்மா நிமிர்ந்தார். முகம் கடுகடுத்தது. பிள்ளைகள் இலையைத் தொடுவார்களே, சுற்றிக் கயிறாவது கட்டலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, காய்ந்தால் ஒன்றும் ஆகாது என்று மருந்துக்காரர் சொல்லிவிட்டார், கயிறு கட்டினால் வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள் என்று பதில் வந்தது.

பெற்றோர் வந்தார்கள். செடியில் அட்டைப் பட்டாம்பூச்சிகள் ஆடின. டீச்சர் செடிக்கு முன்னால் கையை விரித்து நின்று பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்தினாள். பாஸ்டரம்மா கதையைத் தானே சொன்னார். புழுவெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்துவிட்டதாம். பெற்றோர் கைதட்டினார்கள். பிள்ளைகளில் ஒருவரும் தட்டவில்லை.

“கூடு எங்க?” என்றாள் ‘ஏன்’.

பெரியவர்கள் சிரித்தார்கள். அதையும் ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார் பாஸ்டரம்மா.

“கூடு கட்டாம எப்படிப் பறக்கும்? தூங்கவே இல்லையே அது.” சிறுமி சொல்லிக்கொண்டே டீச்சரின் கைக்கு அடியில் புகுந்து இலையைத் திருப்பிப் பார்க்கப் போனாள்.

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “தொடாதே கண்ணு. விஷம்.”

சிரிப்பு நின்றது. ஒரு தகப்பன் தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அது பறக்கல. செத்துப்போச்சு. பெரியவங்க நாங்க மருந்து அடிச்சோம்,” என்றாள் டீச்சர்.

டீச்சருக்கு ரொம்ப இளகிய மனசு, சின்ன விஷயத்துக்கும் கலங்கிவிடுவார் என்று பாஸ்டரம்மா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“நாங்க ஜெபம் பண்ணோமே?” என்றாள் ‘ஏன்’. அழவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

டீச்சர் மண்டியிட்டாள். இதற்கு ஏதாவது ஒன்றைச் சொல்லி ஒப்பேற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பெற்றோர் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை.

“பண்ணீங்க. பறவை ஒண்ணையும் கொத்தலையே. எங்ககிட்டேருந்தும் காப்பாத்தணும்னு கேக்க உங்களுக்குத் தெரியல. அது உங்க தப்பு இல்ல.”

சிறுமி பாஸ்டரம்மா பக்கம் திரும்பினாள். “இனிமேலும் அடிப்பீங்களா?”

“பார்க்கலாம்டா செல்லம்.”

“பார்க்கலாம்னா அடிப்பாங்க,” என்று பக்கத்தில் நின்றவனுக்கு விளக்கினாள். யாரோ ஒரு தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள்.

பாஸ்டரம்மா டீச்சரின் தோளருகே குனிந்து, பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு உடனே அலுவலறைக்கு வரச் சொன்னார். எதற்கென்று டீச்சருக்குத் தெரியும். இந்த வேலையை விட்டால் வேறு எங்கும் அவளுக்கு ஆள் தெரியாது.

ஆயாவிடம் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி விரித்தாள். பிள்ளைகளை எட்டியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியால் புழுக்களை ஒவ்வொன்றாகத் தாளில் தள்ளினாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டித் தங்கள் தங்கள் புழுவைத் தேடினார்கள்.

“டீச்சர்,” என்று வாசலிலிருந்து மறுபடி பாஸ்டரம்மாவின் குரல் வந்தது.

“புதைச்சிட்டு வரேம்மா,” என்றாள் டீச்சர், திரும்பாமல்.